எழுதாமல் விட்ட கணக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி. மணி பத்தரை இருக்கும். நெய்வேலியிலிருந்து போன்.

பேசியவர் என்னோடு ஒரே டியூஷனில் படித்தவர். இப்போது அங்கே ஒரு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் சொல்லித் தருகிறார். நானும் பி.காம். என்பதால் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது ஏதாவது கணக்கைப் பற்றிப் பேசுவோம். அன்றைக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, "என்ன, எந்தச் சாப்டர்?" என்றேன்.

"சாப்டர் இல்லப்பா. ஒரு விஷயம். மூணு நாளா தூக்கம் வரல" என்றார்.

நடந்தது இதுதான். வியாழக்கிழமை மதியம் பிளஸ் ஒன் வகுப்பு. சென்னையில் பெரிய காலேஜில் பி.காம். சீட் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று பேச்சு வந்திருக்கிறது. ஒரு பையன் பின்னால் திரும்பி இன்னொரு பையனைப் பார்த்து, "உனக்கென்னடா கவலை? அப்ளிகேஷன் போட்டாலே சீட்டு. நாங்கதான் தலைகீழா நின்னு படிக்கணும்" என்றிருக்கிறான். நாலைந்து பேர் சிரித்திருக்கிறார்கள். அந்த இன்னொரு பையன் தலையைக் குனிந்துகொண்டு பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தானாம்.

"நான் உடனே, டேய், ஸ்கூல்ல சாதி கீதின்னு யாரும் பேசக் கூடாதுன்னு ஒரு அதட்டு அதட்டினேன். அடுத்த கணக்கைப் போர்டுல எழுத ஆரம்பிச்சுட்டேன். வெள்ளிக்கிழமை அந்தப் பையன் வரல. கிண்டல் பண்ணவன் வந்திருந்தான். வராதவன் மத்தவன். நான் செஞ்சது சரியா, தப்பா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. உங்களிடம் கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? "சரிதான், அதட்டினது நல்லது. பள்ளிக்கூடத்தில் எதுக்குச் சாதிப் பேச்சு?" என்றுதான் நம்மில் பெரும்பாலானவர்கள் சொல்லியிருப்போம். நானும் அப்படித்தான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எனக்கு என் பழைய பெஞ்ச் ஞாபகம் வந்துவிட்டது.

*

நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பெருமை உண்டு. "எங்க ஊர்ல சாதியே கிடையாதுங்க" என்போம்.

அந்தப் பெருமையில் நியாயமும் இருந்தது. 1956ல் நிறுவனம் தொடங்கி, 1957ல் நேரு வந்து சுரங்க வேலையைத் துவக்கி வைத்து, ரஷ்யர்கள் உதவியோடு அனல் மின் நிலையம் எழுந்து... காட்டை அழித்துக் கட்டிய ஊர். ஊர்த்தெரு, சேரி என்ற பழைய கோடு எதுவும் டவுன்ஷிப்புக்குள் இல்லை. யாரைப் பார்த்தாலும் "எந்த பிளாக்?" என்றுதான் கேட்போம். பக்கத்து வீட்டில் ஒரு தெலுங்குக் குடும்பம், எதிர் வீட்டில் ஒரு மலையாளி, பின்னால் மதுரைக்காரர். சங்கு ஊதினால் எல்லா அப்பாக்களும் ஒரே மாதிரி சைக்கிளில் ஷிஃப்ட்டுக்குப் போனார்கள். ஒரே மாதிரி கறுப்புப் படிந்து திரும்பி வந்தார்கள்.

இதிலேயே வேறு சில கோடுகள் இருந்தன என்பது பிற்பாடுதான் உறைத்தது. அப்பாவின் கிரேடுக்குத் தகுந்த குவார்ட்டர்ஸ். அவர் பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா என்பதற்குத் தகுந்த மரியாதை. ஆர்ச் கேட்டுக்கு வெளியே, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு, அதே சுரங்கத்தில் தினக்கூலிக்கு நின்ற கிராமத்து ஜனம். இதையெல்லாம் நாங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டதே இல்லை.

சரி, பெஞ்ச் விஷயத்துக்கு வருகிறேன். தொண்ணூறுகளின் நடுவில், நான் பத்தாவது படிக்கும்போது நடந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என் டிபன் பாக்ஸில் பாதியைச் சாப்பிடுவான். அவனுடையதில் பாதியை நான் சாப்பிடுவேன். ஒருநாள் ஆபீஸிலிருந்து கிளார்க் ஒருவர் கையில் லிஸ்ட்டோடு வகுப்புக்குள் வந்தார். "ஸ்காலர்ஷிப் ஃபாரம் குடுக்கணும். எஸ்.சி. பசங்கள்லாம் எந்திரிங்க" என்றார். நாலு பேர் எழுந்தார்கள். அதில் ஒருவன் என் பெஞ்ச்.

வகுப்பே திரும்பிப் பார்த்தது. வாத்தியார் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் அவனிடம், சிநேகிதம் என்ற உரிமையில், "சொல்லவே இல்லையேடா?" என்றேன்.

அவன் திரும்பி என்னைப் பார்த்து, "நீ மட்டும் சொன்னியா?" என்றான்.

எனக்குப் புரியவே இல்லை. நான் எதைச் சொல்ல வேண்டும்? என்னை யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லையே! அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்குப் புரிவதற்குப் பல வருஷம் ஆயிற்று. சாதி அவனுக்கு மட்டும் இருக்கிற ஒரு சமாசாரம், எனக்கு அது கிடையாது என்று நான் நம்பியிருந்தேன். அவன் ஒளித்து வைத்திருந்தான், நான் கண்டுபிடித்துவிட்டேன் என்பது போலக் கேட்டிருக்கிறேன். அடுத்த வாரம் அவன் வேறு பெஞ்சுக்குப் போய்விட்டான். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

*

கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்குத் தெரியும். பிழைத் திருத்தம் என்று ஒரு பாடம் உண்டு. ஒரு நடவடிக்கையைத் தப்பான தொகையில் ஒரு பக்கம் மட்டும் எழுதிவிட்டால் இருப்பாய்வு சமன் ஆகாது, உடனே மாட்டிக்கொள்ளும். ஆனால் ஒரு நடவடிக்கையைப் பற்றோ வரவோ எந்தப் பக்கத்திலும் எழுதாமலே விட்டுவிட்டால்? இரண்டு பக்கமும் அழகாகச் சமன் ஆகும். பார்ப்பவருக்குக் கணக்கு சுத்தம் என்று தோன்றும். விடு பிழை என்று இதற்குப் பெயர்.

சாதியைப் பற்றிப் பேசாத வகுப்பறை இப்படித்தான் சமன் ஆகிறது. பாடப்புத்தகத்தின் முன்பக்கத்தில் தீண்டாமையைப் பற்றி மூன்று வரி அச்சிட்டிருக்கிறது. பாரதியின் பாப்பா பாட்டை ஒன்றாம் வகுப்பிலேயே மனப்பாடம் பண்ணியாயிற்று. ஆண்டுவிழாவில் சமத்துவத்தைப் பற்றி நாடகம் போட்டாயிற்று. அதோடு சரி. பிள்ளைகள் அன்றாடம் நேரில் பார்க்கிற விஷயத்தை மட்டும் எங்கேயும் எழுதவில்லை.

எழுதாததால் அது இல்லாமல் போய்விடுகிறதா? அதுதான் இல்லை. நெய்வேலிக்குப் பக்கத்துத் தாலுகா விருத்தாசலம். அங்கே 2003ல் சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட ஒரு இளம் ஜோடியை விஷம் கொடுத்துக் கொன்று எரித்தார்கள். பையன் இன்ஜினீயரிங் பட்டதாரி. கொன்றவர்களில் பெண்ணின் சொந்த ரத்த உறவுகளே இருந்தார்கள். கடலூர் கோர்ட்டில் தீர்ப்பு வர 2021 ஆகிவிட்டது. பதினெட்டு வருஷம்! சுப்ரீம் கோர்ட் 2025ல் தண்டனைகளை உறுதி செய்தது. "அதெல்லாம் தெற்கத்திப் பக்கம் சார்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

தெற்கத்திப் பக்கமும் சும்மா இல்லை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் மணிக்கட்டில் சாதிக்கொரு கலரில் கயிறு கட்டுகிறார்கள், அதைத் தடுக்க வேண்டும் என்று 2019ல் பள்ளிக்கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை போனது. எதிர்ப்புக் கிளம்பியதும், பழைய நிலையே தொடரும் என்று அமைச்சர் சொல்லிவிட்டார். 2022ல் அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில், கையில் கட்டிய கயிற்றைப் பற்றிய சண்டையில் ஒரு பிளஸ் டூ பையன் செத்தே போனான்.

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரி. உடன் படிக்கிறவர்கள் கொடுத்த தொல்லை தாங்காமல் ஒரு பிளஸ் டூ மாணவன் பள்ளிக்கூடம் போவதையே நிறுத்தியிருந்தான். ஏன் வரவில்லை என்று பள்ளியில் விசாரித்தபோது உண்மையைச் சொன்னான். விஷயம் புகாரானது. அதன் பிறகு இரவில் வீடு புகுந்து அவனை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையையும் வெட்டினார்கள். வெட்டியவர்களும் பள்ளிக்கூடத்துப் பையன்கள்தான். (அந்த மாணவன் பிழைத்து, 2024ல் பிளஸ் டூ எழுதி, 600க்கு 469 வாங்கினான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அவன் விழுந்ததை மட்டும் சொல்லிவிட்டு, எழுந்ததைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.)

*

இந்த இடத்தில் நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். கேட்க வேண்டும். "அதுதாங்க நாங்களும் சொல்றோம். அந்தப் பையன் வாயைத் திறந்ததால்தானே வெட்டு விழுந்தது? சாதியைப் பற்றிப் பேசப் பேசத்தானே அது வளர்கிறது? பிள்ளைகள் மனசில் இல்லாததை நாம் ஏன் விதைக்க வேண்டும்?"

அனுபவப்பட்ட ஹெட்மாஸ்டர்கள் பலர் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆயிரம் பிள்ளைகளைச் சாயங்காலம் பத்திரமாக வீட்டுக்கு அனுப்ப வேண்டிய பொறுப்பு அவர்களுடையது. ஒரு வார்த்தை தவறினால் வாசலில் இரண்டு கூட்டம் நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. தப்பாகப் பேசினால் வளரத்தான் செய்யும். எங்கள் வகுப்பில் அந்த கிளார்க் பேசியதும் சாதிப் பேச்சுதானே? நான் இடைவேளையில் கேட்டதும் அதுதானே? இரண்டும் பேசாமல் இருந்திருந்தால் தேவலை.

ஆனால் மீதிப் பாதியையும் பாருங்கள். பிள்ளைகள் மனசில் இல்லாதது என்கிறோமே, யார் மனசில் இல்லை? ஊரில் எந்தத் தெருவுக்குள் செருப்பைக் கழற்ற வேண்டும், எந்த வீட்டில் எந்த டம்ளரில் தண்ணீர் வரும் என்று ஆறு வயசிலேயே தெரிந்துகொண்டு வருகிற பிள்ளையும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது. அம்பேத்கர் தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதியிருக்கிறார். வகுப்பில் தனியாக ஒரு சாக்குத் துணியில் உட்கார வேண்டும். பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தாகம்தான். அந்தக் குழந்தைக்கு யாரும் சாதியைப் பாடம் நடத்தவில்லை. குழாயே நடத்திவிட்டது.

நாங்குநேரி விஷயத்திலும் பேச்சு ஆபத்தாக முடிந்ததற்குக் காரணம், அது ஒரு சிறுவன் தலையில் மட்டும் ஏற்றப்பட்டதுதான் என்று நினைக்கிறேன். சொல்ல வேண்டியவனும் அவன். நிரூபிக்க வேண்டியவனும் அவன். சொன்னதற்கு விலை கொடுக்க வேண்டியவனும் அவன். பெரியவர்கள் முன்னாடியே பேசியிருந்தால், அவன் கடைசியில் தனியாக நின்று பேச வேண்டி வந்திருக்காது.

ஆக, பேசலாமா கூடாதா என்பதல்ல கேள்வி. யார் பேசுவது, யாரை எழுப்பி நிறுத்தாமல் பேசுவது என்பதுதான் கேள்வி.

*

நாங்குநேரிக்குப் பிறகு தமிழக அரசு, ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிகளின் பெயரில் இருக்கும் சாதி அடையாளத்தை எடுப்பது, கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எல்லாவற்றையும் தடுப்பது என்று நீண்ட பட்டியல். அரசியல்வாதிகள் கயிற்றையும் நெற்றியையும் பிடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டவை, யாரும் சண்டை போடாத சின்னச் சின்ன விஷயங்கள். வருகைப் பதிவேட்டில் மாணவர்களின் சாதி விவரம் இருக்கக் கூடாது. அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும். ஸ்காலர்ஷிப் சமாசாரத்தை வகுப்பில் சொல்லாமல், ரகசியம் காத்துத் தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும்.

ஸ்காலர்ஷிப் வரியைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் வகுப்புக்கு இந்த ஒரு வரி முப்பது வருஷம் தாமதம்.

டீச்சரிடம் அன்று ராத்திரி நான் முதலில் சொன்னது இதைத்தான். "அந்தப் பையனை சாட்சிக் கூண்டில் ஏத்திடாதே. வகுப்பில் எழுப்பி, நீ என்ன நினைக்கிறேன்னு கேட்காதே. ரெண்டு பேரையும் கூப்பிட்டு, கை குடுத்துக்கோங்கடா, ஃபிரெண்ட்ஸ் ஆயிடுங்கன்னு சினிமா கிளைமாக்ஸ் வேண்டாம்."

அமெரிக்காவில் ஒரு டீச்சர் செய்த பரிசோதனையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்ட மறுநாள், ஜேன் எலியட் என்ற ஆசிரியை தன் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளை நீலக் கண், பழுப்புக் கண் என்று இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவுக்குச் சலுகை, இன்னொரு பிரிவுக்கு அவமானம். பிறகு அதைத் தலைகீழாக மாற்றினார். பாகுபாடு என்றால் என்னவென்று வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கு உடம்பிலேயே உறைத்தது. உலகமே அதைப் பற்றிப் பேசியது. குழந்தைகளை இப்படி வதைக்கலாமா என்று திட்டியவர்களும் உண்டு.

இதை நம் ஊரில் செய்து பார்த்தால் என்ன என்று சில ஆர்வக்கோளாறு ஆசாமிகள் கேட்பதுண்டு. வேண்டாம் என்பேன். அவர் வகுப்பில் இருந்தது முழுக்க வெள்ளைக்காரப் பிள்ளைகள். யாருக்கும் அந்த வலி முன்னால் தெரியாது. நம் வகுப்பில் பாதிப் பேருக்கு அது பழைய வலி. ஒருவனுக்குப் பாடம் சொல்ல இன்னொருவன் புண்ணைக் கீறிக் காட்டக் கூடாது.

*

அடுத்தது, கிண்டல் செய்த பையன். அவனை என்ன செய்வது?

டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம் என்பது சுலபமான யோசனை. பதினாறு வயசு. அந்த வாக்கியத்தை அவன் சொந்தமாகத் தயாரிக்கவில்லை. வீட்டில், கல்யாணப் பந்தியில், செல்போனில் கேட்டதைத் திருப்பிச் சொல்கிறான். ஆனால் அதற்காகத் தட்டிக்கொடுக்கவும் முடியாது. அவன் சொன்னதை ஒரு கணக்காக எடுத்துக்கொண்டு, கூட்டல் கழித்தல் சரியா என்று பார்த்துவிடலாம். எதிராளி பேசுவதைக் கணக்காகப் பார்க்கும்போது கோபம் கொஞ்சம் குறைகிறது.

தமிழ்நாட்டில் இட ஒதுக்கீடு 69 சதவீதம். 1993ல் சட்டமாகி, அடுத்த வருஷம் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் ஏறியது. பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, அவர்களில் முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 20. கூட்டுங்கள், ஐம்பது. பட்டியல் சாதியினருக்கு, அருந்ததியர் உள்ஒதுக்கீடு 3 உட்பட, 18. பழங்குடியினருக்கு 1. மொத்தம் 69. மீதி 31 எல்லாருக்கும் பொது.

அப்படியானால் "கோட்டா" என்று ஒருவனைப் பார்த்துச் சிரித்த அந்த நாலைந்து பேரில், எத்தனை பேர் சொந்தக் கோட்டாவில் உட்கார்ந்து சிரித்தார்கள்? எங்கள் கடலூர், விழுப்புரம் பக்கத்து வீடுகளில் 1987 போராட்டத்தைப் பெருமையாகச் சொல்வார்கள். சாலை மறியல், துப்பாக்கிச் சூடு, இருபத்தொரு உயிர். அதன் பலனாக 1989ல் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு இருபது சதவீதம் வந்தது. உயிரைக் கொடுத்து வாங்கிய உரிமை என்று தன் வீட்டுப் பங்கைச் சொல்கிற பிள்ளை, அடுத்த வீட்டுப் பங்கை மட்டும் சலுகை என்று எப்படிச் சொல்லலாம்?

"சரிங்க, ஆனா அவங்களுக்கு மட்டும் கட் ஆஃப் ஏன் குறையுது?" அடுத்த கேள்வி இது. நியாயமான கேள்வி. இதைக் கேட்கிற பிள்ளையை "வாயை மூடு" என்று சொன்னால், அது பதிலை வாட்ஸ்அப்பில் தேடிக்கொள்ளும். அங்கே கிடைக்கிற பதில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

என்னைப் போன்ற பி.காம். ஆசாமிக்குத் தெரிந்த பதில், தொடக்க இருப்பு. இந்த வருஷ வரவு செலவை மட்டும் வைத்து இரண்டு கடைகளை ஒப்பிட்டால் தப்பான முடிவுதான் வரும். ஒரு கடை நாலு தலைமுறையாக முதல் சேர்த்து வைத்தது. இன்னொன்றுக்குக் கடை வைக்கவே அனுமதி இல்லாமல் இருந்து, போன தலைமுறையில்தான் ஷட்டரைத் தூக்கியது. பரீட்சை மார்க் என்பது இந்த வருஷ லாபம். தாத்தா படித்தாரா, நிலம் இருந்ததா, ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விட்டார்களா என்பதெல்லாம் தொடக்க இருப்பு. அதை எழுதாமல் இறுதிக் கணக்கு முடித்தால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

*

இதையெல்லாம் சொல்லிவிட்டு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் டீச்சர் கேட்டார்: "அதெல்லாம் பசங்களுக்கு. எனக்கு?"

நல்ல கேள்வி. இந்த விஷயத்தில் பிள்ளைகளைவிடப் பெரியவர்களுக்குத்தான் பாடம் அதிகம் தேவைப்படுகிறது.

சேரன்மாதேவி குருகுலம் ஞாபகமிருக்கிறதா? நூறு வருஷத்துக்கு முந்திய கதை. நடத்தியவர் வ.வே.சு.ஐயர். தேசத்துக்காக வெளிநாட்டில் அலைந்தவர். தமிழில் சிறுகதைக்கு வழி போட்டவர். சாதாரண மனிதர் அல்ல. அந்தக் குருகுலத்தில் இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும், பெற்றோர் வற்புறுத்தினார்கள் என்பதற்காகத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். இரண்டே இரண்டு பையன்கள்தானே, அனுசரித்துப் போகலாம் என்று தோன்றியிருக்கும். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்துக் கிளம்பினார்கள். அந்த இரண்டு இலை தமிழ்நாட்டு அரசியலையே திருப்பிப் போட்டது.

அனுசரித்துப் போவது என்பது எப்போதும் யாரோ ஒருவரின் செலவில்தான் நடக்கிறது. ஸ்டாஃப் ரூமில் "நம்ம ஆளா?" என்று மெதுவாகக் கேட்டுக்கொள்கிற ஆசிரியர், வகுப்பில் சமத்துவம் பேசினால் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். டேபிளைத் துடைக்கச் சொல்லி, குப்பையை அள்ளச் சொல்லி யார் பெயரைக் கூப்பிடுகிறோம்? தண்ணீர் கொண்டுவர யாரை அனுப்புகிறோம்? பிள்ளைகள் இதைத்தான் பாடமாக எடுத்துக்கொள்கிறார்கள். போர்டில் எழுதுவதை அல்ல.

நெய்வேலிக்காரர்களுக்கு இன்னொரு விஷயம் தெரியும். சுரங்கத்தில் நிலக்கரிக்குக் கீழே, பெரும் அழுத்தத்தில் நிலத்தடி நீர் இருக்கிறது. ராத்திரி பகலாகப் பம்ப் செய்து அதன் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு மேலே வரும். என் அப்பா காலத்திலிருந்து பம்ப் நிற்கவில்லை. வருஷத்துக்கு ஒருநாள் விழிப்புணர்வு உறுதிமொழி எடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

*

இரண்டு வாரம் கழித்து டீச்சர் மறுபடி கூப்பிட்டார்.

அந்தப் பையன் செவ்வாய்க்கிழமை வந்துவிட்டான். நோட்டுத் திருத்துகிற சாக்கில், கூட யாரும் இல்லாதபோது அவனிடம் சொல்லியிருக்கிறார்: "அன்னைக்கு நான் பேசினது தப்புப்பா. அவன் பேசினதைக் கண்டிக்காம, பொதுவா எல்லாரையும் அதட்டிட்டேன். கிளாஸ்ல இதைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். உன் பேரு வராது. உனக்கு வேண்டாம்னா பேசல."

அவன் யோசித்துவிட்டு, "பேசுங்க மிஸ். நான் அன்னைக்கு லீவு போட்டுக்கவா?" என்றானாம்.

"சரின்னுட்டேன். ஆனா அவன் லீவு போடல. கடைசி பெஞ்ச்ல வந்து உட்கார்ந்துட்டான்" என்றார் டீச்சர்.

போர்டில் 69ஐப் பிரித்து எழுதினாராம். "யாரும் கையைத் தூக்க வேண்டாம். உங்க பேரை எந்தக் கட்டத்துல எழுதணும்னு மனசுக்குள்ள மட்டும் பாருங்க" என்றாராம். வகுப்பில் சத்தமே இல்லை. கட் ஆஃப் கேள்வியை அந்தக் கிண்டல் பையனே கேட்டிருக்கிறான். தொடக்க இருப்பைச் சொல்லியிருக்கிறார். அவன் விடவில்லை. "எங்க தாத்தாவும் கூலிதான் மிஸ்."

"இருக்கலாம்ப்பா. அந்தக் கஷ்டமும் நிஜம்தான்" என்றவர், மொத்த வகுப்புக்கும் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறார். வீட்டில் பெரியவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: உங்கள் காலத்தில் ஊர் டீக்கடையில் எல்லாருக்கும் ஒரே டம்ளரா? பதிலை எழுதிக்கொண்டு வர வேண்டாம். யாரிடமும் சொல்லவும் வேண்டாம்.

நாலு நாள் கழித்து அந்தப் பையன் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றானாம். "தாத்தா பதிலே சொல்லல மிஸ். டி.வி. சவுண்டைக் கூட்டிட்டார்."

அவ்வளவுதான் நடந்தது. இரண்டு பையன்களும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. இன்னும் பேசிக்கொள்வதில்லையாம். கிண்டல் மட்டும் இப்போதைக்கு இல்லை. "இது போதுமா?" என்று டீச்சர் கேட்டார். போதாது என்றுதான் சொன்னேன். ஆனால் ஒரு பதினாறு வயசுப் பையன், தன் வீட்டில் ஒரு கேள்விக்குப் பதில் வராது என்பதைக் கண்டுபிடித்திருக்கிறான். எனக்கு அது நாற்பது வயசுக்குக் கிட்டத்தான் தெரிந்தது.

என் பெஞ்ச் சிநேகிதனைச் சில வருஷம் முன்னால் நெய்வேலி புத்தகக் கண்காட்சியில் பார்த்தேன். மகளோடு வந்திருந்தான். டீ குடித்தோம். தயங்கித் தயங்கி, "பத்தாவதுல நான் ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா?" என்றேன். மறந்திருப்பான் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை.

"அந்த கிளார்க் கையில வச்சிருந்தது பச்சைக் கலர் பேப்பர்" என்றான்.

மன்னிப்புக் கேட்டேன். "விடுடா" என்றான். விட்டானா என்று எனக்குத் தெரியாது. மகள் ஏதோ புத்தகம் வேண்டும் என்று கையைப் பிடித்து இழுக்க, எழுந்து போனான்.

நீங்கள் ஆசிரியராக இருந்தால், நாளைக்கு உங்கள் கைக்கும் அப்படி ஒரு பேப்பர் வரும். வகுப்பில் எதையும் படிப்பதற்கு முன்னால், யார் தலை குனிவார்கள் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஆசிரியர் இல்லை, வெறும் அப்பா, அம்மா, தாத்தா என்றால் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. பிள்ளை வந்து அந்த டம்ளர் கேள்வியைக் கேட்டால், தயவுசெய்து டி.வி. சத்தத்தைக் கூட்டாதீர்கள்.